ஜேம்ஸ் வில்ஸன்

நாடுகள் பல தத்தம் தனியுரிமையைக் கைவிடாமலே ஒன்று கூடி வாழத் தலைப்படுங்கால், அவற்றுள் எழும் வழக்கைத் தீர்ப்பார் யாவர் என்னும் வினா தொடக்கத்தில் எவர் உள்ளத்தும் தோன்றுவதில்லை. பின்னர்த் தோன்றாமல் ஒழிவதும் இல்லை. இருவர் வழக்கிட்டால் ஊர் தீர்க்கும். இரண்டு ஊர்கள் வழக்கிட்டால் அரசு தீர்க்கும். இரண்டு அரசுகள் வழக்கிட்டாலோ பண்டு படையே தீர்த்து வந்தது. படையின்றி அத்தகைய வழக்கைத் தீர்த்தற்கு வழி தேடியவர்களுள் ஒருவராகிய ஜேம்ஸ் வில்ஸன் என்பாரின் வரலாற்றை இத்திங்கள் நம் சங்கத்து அன்பர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுதந்தரப் பிரகடனத்திலும், பின்னர் எழுந்த அரசியலமைப்புச் சாசனத்திலும் ஒருங்கே கைச்சாத்திட்டவர் அறுவரே. அவ்வறுவருள் வில்ஸன் ஒருவர். வாஷிங்டன், பிராங்க்ளின் என்னும் பெயர்களை நம் பள்ளிச் சிறுவரும் அறிவர். வில்ஸன் என்றால் மட்டும், 1914இல் மூண்ட பெரும்போரின்போது அந்நாட்டுத் தலைவராயிருந்த உட்ரோ வில்ஸனையே பெரும்பாலார் நினைப்பர். அவர் வேறு, யாம் கூறப்புகும் இவர் அவருக்கு 114 ஆண்டுகள் முன்னர்ப் பிறந்தவர்.

ஸ்காட்லாந்தில் பைஃப் என்னும் பகுதியில், ஸீரெஸ் என்ற ஊரை அடுத்த ஒரு பண்ணையில் 1742ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 14ஆம் நாள் வில்ஸன் பிறந்தார். தந்தையார் உழவர். மகனைத் திருச்சபைக் குருவாக்கிப் பார்க்கவேண்டுமென்பது பெற்றோரின் வேட்கை. அதன்பொருட்டு அவர் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக் கழகத்தில் உதவிப்பொருள் பெற்றுப் பயின்றார். தந்தையார் இறந்துபடவே அக்கல்வி இடையில் நின்றது. 1765இல் கடல் கடந்து அமெரிக்கா சென்ற அவர், அடுத்த ஆண்டு பிலடெல்பியா நகரத்துக் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்தார். ஆசிரியத் தொழிலில் அவர் நெடுநாள் நிலைக்கவில்லை. அத்தொழிலின் ஊதியம் எத்தன்மையது என்பதை அறிந்த யாம் அதற்காக அவரைக் குறை கூறோம். ஜான் டிக்கின்ஸன் என்னும் புகழ்பெற்ற நியாயவாதியிடம் சட்டம் கற்று, 1770இல் கார்லைல் என்னும் எல்லைப்புறத்து ஊரில் தொழில் நடத்தலானார். அவ்வூரில் வழக்குகளிற் பெரும்பாலன நிலவழக்குகள். அவ்வழக்குகளிலே அவர் பொருள் ஈட்டினார். அந்நிலங்களின்மீதே அவர்க்கு ஆசையும் பிறந்தது. கடன் வாங்கி நிலம் வாங்குதலும், அந்நிலத்தைக் காட்டி மேலும் கடன் வாங்குதலும் ஆகிய பழக்கம் அக்காலத்தே வேர்கொண்டது. 1771இல் ரேச்சல் பேர்ட் என்னும் அம்மையாரை மணந்து ஆறு மக்களைப் பெற்றார்.

நெடிய உருவமும், தடித்த மூக்குக் கண்ணாடியும், ஸ்காட்லாந்து வாடை நீங்காத பேச்சும் உடையவர் வில்ஸன். அவரை மதித்தவர் பலர், விரும்பியவர் சிலரே. 1774இல் ஒரு சிறு நூல் வெளியிட்டு, குடியேற்ற நாடுகளின்மீது ஆங்கிலப் பாராளுமன்றத்துக்கு யாதோர் ஆணையுரிமையும் இல்லையென நிறுவினார். அடுத்த ஆண்டு, பதின்மூன்று நாடுகளின் பொதுச்சபையாகிய காங்கிரஸுக்கு உறுப்பினரானார். 1776 ஜூலைத் திங்கள் 2ஆம் நாள் சுதந்தரத்துக்காக வாக்களிக்க வேண்டிய வேளையில் அவர் ஆசிரியராகிய டிக்கின்ஸன் வாக்களியாது ஒதுங்கினார். மாணவராகிய வில்ஸனோ, முதலிற் சிறிது தயங்கியிருந்தும், ஈற்றில் பிராங்க்ளினோடு சேர்ந்து வாக்களித்தார்.

இனி வழக்கின் கதைக்கு வருவோம். ஆங்கில அரசின்கீழ் இருந்த காலத்தில், இரு குடியேற்ற நாடுகட்கு எல்லை வழக்கு நேரின் அது கடல் கடந்து இலண்டனுக்குச் செல்லும். மன்னரின் மந்திராலோசனைச் சபை அதனைத் தீர்க்கும். ஆண்டுகள் பல கழியும். பொருள் பெரிதும் செலவாகும். எனினும் தீர்ப்பார் ஒருவர் இருந்தனர். மன்னரை விலக்கிய அன்றே அத்தீர்ப்பாரும் விலகினர். பதின்மூன்று இராச்சியங்களும் தத்தமக்குத் தாமே தலைமை என்று நின்றன. அவற்றுக்கு மேற்பட்ட நீதிமன்றம் ஒன்று அமைத்தால், விலக்கிய மன்னரை வேறுருவில் அழைத்துவந்தது போலாகும் என்று பலர் அஞ்சினர்.

இந்நிலையில் எழுதப்பட்டதே கூட்டரசு உடன்படிக்கை. அதன் முதல் வரைவை 1776இல் எழுதியவர் வில்ஸனின் ஆசிரியராகிய டிக்கின்ஸன். 1781 மார்ச்சு முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 9ஆம் பிரிவிலே இராச்சியங்களின் வழக்கைத் தீர்க்கும் முறை விரிவாகக் கூறப்பட்டிருந்தது. அம்முறை நம் அன்பர்க்குச் சுவை பயப்பதாகலின் சிறிது விளக்குவோம்.

வழக்குடைய இராச்சியம் காங்கிரஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். காங்கிரஸ் எதிர் இராச்சியத்துக்கு அறிவிப்பு அனுப்பி நாள் குறிக்கும். இரு திறத்து முகவரும் வந்து, தம்முள் ஒத்து நடுவரைத் தேர்ந்துகொள்ளலாம். ஒவ்வாராயின், காங்கிரஸ் ஒவ்வோர் இராச்சியத்திலிருந்தும் மூவரைப் பெயர் குறிக்கும். ஆகப் பெயர்கள் 39. விண்ணப்பித்தவர் முதலில் ஒரு பெயரை அடிப்பர். எதிரி அடுத்து ஒன்றை அடிப்பர். இவ்வாறு மாறி மாறி அடித்து 26 பெயர் நீங்க, 13 எஞ்சும். அவற்றுள் ஏழுக்குக் குறையாமலும் ஒன்பதுக்கு மிகாமலும் காங்கிரஸின் முன்னிலையில் சீட்டெடுக்கப்படும். குடவோலை முறையைக் கல்வெட்டிற் கண்ட நமக்குச் சீட்டெடுத்தல் புதிதன்று. அவ்வாறு எடுக்கப்பட்டவர் எல்லாரும், அன்றி அவருள் ஐவரேனும், அமர்ந்து வழக்குக் கேட்டுப் பெரும்பான்மையாற் றீர்ப்பளிக்க வேண்டும். ஒரு திறத்தார் வாராதொழியினும் வழக்கு நில்லாது. காங்கிரஸின் செயலாளரே அவர் சார்பில் பெயரடிப்பார். தீர்ப்பே முடிந்த முடிபு.

இம்முறையை அமைத்தவர்கள் நடுவரிடத்து நம்பிக்கை வைத்தவரல்லர். ஐயத்தையே அடிப்படையாக வைத்துக் கட்டினர் என்பது எம் கருத்து. எவர் பகைவரெனத் தோன்றுகின்றாரோ அவரை முதலில் அடித்துவிடலாம். எஞ்சுபவர் எவர்க்கும் நெருங்கியவர் அல்லர். அது அதன் சிறப்பு. தீர்ப்புச் சொன்னவுடன் நடுவர் கலைந்து வீடு செல்வர். தீர்ப்பு நடைபெற்றதா என்று பார்ப்பார் இல்லை. அது அதன் குறை.

உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த எட்டாந் திங்களிலேயே முதல் விண்ணப்பம் வந்தது. விண்ணப்பித்தது பென்ஸில்வேனியா, எதிரி கனெக்டிகட், பொருள் சஸ்குவெஹன்னா ஆற்றங்கரையிலுள்ள வயோமிங் என்னும் வளமிக்க பள்ளத்தாக்கு. (இக்காலத்து வயோமிங் என்னும் இராச்சியம் மேற்கே நெடுந்தொலைவில் உள்ளது, பெயர் மட்டுமே ஒன்று.) இங்கிலாந்து மன்னராகிய இரண்டாம் சார்லஸ் 1662இல் கனெக்டிகட்டுக்கு ஒரு பட்டயம் அளித்தார், அதன் மேல் எல்லை மேலைக்கடல். அவரே 1681இல் வில்லியம் பென் என்பார்க்கு மற்றொரு பட்டயம் அளித்தார். இரண்டிலும் அவ்வயோமிங் நிலம் அகப்பட்டது. தாம் காணாத நிலத்தை இருவர்க்கு அளித்தலில் மன்னர்க்கு யாது வருத்தம்? அந்நிலத்துப் பழங்குடியினராகிய இராக்குவாயரிடமிருந்தும் அது இருமுறை விலைக்கு வாங்கப்பட்டது: 1754இல் கனெக்டிகட்டைச் சார்ந்த ஒரு குழுவினர் வாங்கினர், 1768இல் பென் குடும்பத்தார் வாங்கினர்.

1769 முதல் இரு திறத்தாரும் அங்கே கோட்டை கட்டினர், ஒருவரை ஒருவர் துரத்தினர், குடிசைகளைக் கொளுத்தினர், உயிர்களும் மாண்டன. கனெக்டிகட் 1774இல் அதனைத் தன் ஊர்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. 1778 ஜூலை 3ஆம் நாள், ஆங்கிலேயர் சார்புப் படையும் இராக்குவாயரும் பாய்ந்து அங்கிருந்த கனெக்டிகட் குடிகளிற் பலரைக் கொன்றனர். கணவரை இழந்த பெண்டிர் மீண்டும் அந்நிலத்துக்கே வந்து உழுதனர். அந்நிலம் தம்முடையதன்று என்று அவர்க்கு எவரும் கூறியதில்லை.

பென்ஸில்வேனியாவின் சார்பில் வாதிட அமர்த்தப்பெற்றவர்களுள் முதல்வர் வில்ஸன். அவரோடு வில்லியம் பிராட்போர்டு, ஜோஸப் ரீட், ஜானதன் டிக்கின்ஸன் ஸார்ஜன்ட் என்போரும் இருந்தனர். இங்கே ஒரு செய்தியைக் கூறாது செல்ல எமக்கு மனமில்லை. நான்கு ஆண்டுகட்கு முன், ஆங்கிலேயர்க்கு உதவினரென்று குற்றஞ்சாட்டப்பட்டோர்க்காக வில்ஸன் வழக்காடியபோது, எதிரே நின்று குற்றஞ்சாட்டியவர்கள் இந்த ஸார்ஜன்டும் ரீடுமே. அவ்வழக்குகளை ஏற்றமையாலும், விலைவாசிக் கட்டுப்பாட்டை எதிர்த்தமையாலும் வில்ஸன் நகரத்து ஏழைமக்களின் பகையைப் பெற்றார். 1779 அக்டோபர் 4ஆம் நாள் ஆயுதந்தாங்கிய கூட்டம் ஒன்று அவர் வீட்டைச் சூழ்ந்தது. வில்ஸனும் நண்பர்களும் உள்ளிருந்து சுட்டனர். இரு புறத்தும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. குதிரைப் படையோடு விரைந்து வந்து அவரைக் காத்தவர், அப்பொழுது பென்ஸில்வேனியாவின் தலைவராயிருந்த அதே ரீட். அரசியலில் இருவரும் கீரியும் பாம்புமாயிருந்தவர். தம் இராச்சியத்தின் நிலவழக்கு வந்தவுடன் ஒரே மேசையில் அமர்ந்தனர்.

கனெக்டிகட்டுக்காக வந்தவர் எலிபலெட் டையர், வில்லியம் ஸாமுவெல் ஜான்ஸன், ஜெஸ்ஸி ரூட் என்னும் மூவர். டையர் அந்நிலத்தை முதலில் வாங்கிய குழுவில் தாமும் ஒரு பங்காளி. வில்ஸனும் மேற்றிசை நிலங்களை வாங்கும் பெருங்குழு ஒன்றிற் பங்குடையவரே. நிலத்தாசை இல்லாத நியாயவாதி அக்காலத்து அந்நாட்டில் அரியர் போலும்.

இவ்வழக்கில் பெயரடித்தலும் சீட்டெடுத்தலும் வேண்டியிராதபடி இரு திறத்து முகவரும் ஒத்தே நடுவரைக் குறித்தனர். அவருள் வந்து அமர்ந்தவர் ஐவர்: நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து வில்லியம் விப்பிள், ரோட் ஐலண்டிலிருந்து வெல்கம் ஆர்னால்டு, நியூ ஜெர்ஸியிலிருந்து டேவிட் பிரியர்லி, வில்லியம் சர்ச்சில் ஹூஸ்டன், வர்ஜீனியாவிலிருந்து ஸைரஸ் கிரிபின். 1782 நவம்பர் 12ஆம் நாள் நியூ ஜெர்ஸியிலுள்ள டிரென்டன் நகரில் மன்றம் கூடியது. அவ்வூர் வழக்கிட்ட இரண்டு இராச்சியத்துள் எதற்கும் உரியதன்று.

கனெக்டிகட்டார் முதலில் காலம் நீட்டிக்கக் கேட்டனர். குடியிருப்போர்க்கு அறிவிப்பு அனுப்பவேண்டுமென்றும், வேண்டிய பத்திரங்கள் இங்கிலாந்தில் உள்ளன என்றும் கூறினர். நடுவர் இசையவில்லை. பின்னர்ப் பட்டயங்களும், விலைப்பத்திரங்களும், குடியேற்றச் சான்றுகளும் வாரக்கணக்கில் ஆராயப்பட்டன. தம் பட்டயமே முந்தியது. தாமே முன்னர் வாங்கினர். தாமே அங்குக் குடியிருப்பவர் என்பன கனெக்டிகட்டின் வாதங்கள். வில்ஸன் திறத்தார், நியூயார்க்கோடு முன்னரே எல்லை வகுத்துக்கொண்ட கனெக்டிகட் அவ்வெல்லைக்கு மேற்கே இருந்த தன் உரிமையைக் கைநெகிழ விட்டது என்றும், 1754ஆம் ஆண்டுப் பத்திரம் முறையாகப் பெற்றதன்று என்றும், பென் பட்டயத்தின் எல்லைகள் தெளிவானவை என்றும் மறுத்துரைத்தனர்.

டிசம்பர் 30ஆம் நாள் தீர்ப்பு வந்தது. கனெக்டிகட்டுக்கு அந்நிலத்தின்மேல் உரிமை இல்லை. ஆட்சியுரிமை பென்ஸில்வேனியாவுக்கே உரியது. ஐவரும் ஒருமித்த கருத்தினர். இவ்வளவே தீர்ப்பு. காரணம் ஒன்றும் கூறப்படவில்லை. ஏன் கூறவில்லை என்பது பதினான்கு ஆண்டு கழித்தே வெளிப்பட்டது. 1796இல் கிரிபின் ஒரு கடிதத்தில் அதனைத் தெரிவித்தார்: முடிபு யாதாயினும் காரணத்தை எக்காலத்தும் வெளியிடுவதில்லை என்றும், சிறுபான்மையார் பெரும்பான்மைக்கு இணங்கி ஒரே குரலாகத் தோன்றவேண்டும் என்றும் நடுவர் தம்முள் முன்னரே உடன்பட்டிருந்தனராம். கல்வி அறிவுடையோர் சிலர் இதனைக் குறை கூறுவர். காரணம் கூறாத தீர்ப்புத் தீர்ப்பாமோ என்று வினவுவர். ஆயினும், ஒருவர் மாறுபட்டார் என்னும் சொல் வெளிவந்திருப்பின், அவ்வொருவரைப் பற்றிக்கொண்டு கனெக்டிகட் மீண்டும் படை திரட்டியிருக்கலாம். கட்டாயப்படுத்தப் படையில்லாத மன்றம், காரணத்தை மறைத்துத் தன் வலியைப் பெருக்கிக்கொண்டது. எமக்கு இது அறமாகத் தோன்றாவிடினும் அறிவாகத் தோன்றுகின்றது.

கனெக்டிகட் தீர்ப்புக்குப் பணிந்தது. உலக வரலாற்றில் இதனை ஓர் அருஞ்செயலாகவே கொள்ளல் வேண்டும். தன்னாட்சியுடைய ஓர் அரசு, பதின்மூன்றாண்டு படை நடத்திப் பற்றியிருந்த நிலத்தை, ஐந்து மனிதர் கையெழுத்திட்ட ஒரு தாளுக்கு அஞ்சி விட்டது. கூட்டரசு உடன்படிக்கையின் 9ஆம் பிரிவின்கீழ் இறுதித் தீர்ப்பு வரை சென்ற இராச்சிய வழக்கு இஃதொன்றே. மாஸசூசெட்ஸும் நியூயார்க்கும் நடுவரைக் குறித்தபின் 1786இல் தாமே இணங்கின. தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் பெயரடித்துச் சீட்டெடுத்தபின், 1787இல் போபர்ட் நகரில் தாமே உடன்பாடு செய்துகொண்டன. அடிக்க ஓங்கிய கோலைக் கண்டே அடங்கும் பிள்ளைகளைப்போல என்க.

ஆனால் வயோமிங்கில் உழுதுகொண்டிருந்த குடிகளின் கதை வேறு. டிரென்டன் தீர்ப்பு, நிலம் எவ்விராச்சியத்தின் ஆட்சிக்கு உட்பட்டது என்பதை மட்டுமே கூறியது. ஒவ்வொரு குடியின் காணியும் எவர்க்கு உரியது என்பதைக் கூறவில்லை. குடிகளிடத்து இரக்கங் காட்டுமாறு நடுவர் தனியே பென்ஸில்வேனியாவுக்கு எழுதினர். இரக்கம் காட்டப்படவில்லை. 1784இல், பனி உருகிப் பெருகிய வெள்ளம் வீடுகளை வாரிச்சென்ற சில வாரங்களுக்குள், பென்ஸில்வேனியாவின் படைவீரர் குடிகளைப் பெண்டு பிள்ளைகளோடு காட்டுவழியே துரத்தினர். துரத்தப்பட்டோர் திரும்பிவந்து துப்பாக்கி எடுத்தனர். தனியார் காணி வழக்கையும் அதே 9ஆம் பிரிவின்கீழ்த் தீர்க்குமாறு அவர் காங்கிரஸை வேண்டினர். காங்கிரஸ் முதலில் இசைந்து பின் கைவிட்டது. 1799இல் பென்ஸில்வேனியா இயற்றிய சமரசச் சட்டத்தால்தான் அவர்கள் காணி ஒருவாறு உறுதியாயிற்று. இருபது ஆண்டுக்கு முன் கணவனைப் போரில் இழந்த ஒருத்தி, அத்துணைக் காலமும் தன் வரப்பு தனக்குரியதோ அன்றோ என்று அறியாமலே உழுதிருப்பாள். வென்ற வில்ஸன் பெற்ற புகழைச் சொல்லுங்கால் இதனையும் சேர்த்துச் சொல்லுதல் கடமை.

இக்குறையை வில்ஸன் நன்கு அறிந்திருந்தார் என்பதற்கு 1787இல் பிலடெல்பியாவில் கூடிய அரசியலமைப்பு மகாசபையே சான்று. அச்சபையில் அவர் 168 முறை பேசினார் என்று கணக்கிட்டுள்ளனர். அவரினும் மிகுதியாகப் பேசியவர் ஒருவரே. நாட்டுத் தலைமை ஒருவர் கையிலேயே இருத்தல் வேண்டும், மக்களே நேராகத் தேர்தல் வேண்டும் என்பன அவர் கொள்கைகள். அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிடும் கொடிய உடன்பாட்டை முன்மொழிந்தவரும் அவரே. தென்னாட்டாரைக் கூட்டரசில் நிறுத்தற்பொருட்டு அவர் கொடுத்த அவ்விலை அவருடையதன்று. அதனைக் கொடுத்தவர் அடிமைகள்.

சாசனத்தை வரைந்த ஐவர் குழுவில் வில்ஸன் ஒருவர். அக்குழுவின் முதல் வரைவிலும் அப்பழைய முறை இடம் பெற்றிருந்தது: இராச்சியங்களின் எல்லை வழக்கு வந்தால் மேற்சபை முன்போலப் பெயர் குறித்து, அடித்து, சீட்டெடுத்து நடுவரை அமைக்க வேண்டும். ஆகஸ்டு 24ஆம் நாள் அப்பகுதி ஆராய்ச்சிக்கு வந்தது. நிலையான நீதிமன்றம் அமைகின்றமையால் இது வேண்டா என்று ரட்லெட்ஜ் கூறினார். அதனை வழிமொழிந்தவர், டிரென்டனில் கனெக்டிகட்டுக்காக வாதிட்டுத் தோற்ற ஜான்ஸன்! நீதிபதிகள் வழக்குடைய இராச்சியங்களோடு தொடர்புடையவராயிருத்தல் கூடுமென்று கோரம் ஐயுற்றார். வில்ஸன் எழுந்து, நீதிமன்றமே மேலான வழி, பழையதை நீக்குக என்று வற்புறுத்தினார். நீக்கப்பட்டது. அந்த 9ஆம் பிரிவால் வென்றவரும் அதனால் தோற்றவரும் ஒருங்கே அதற்கு முடிவு கட்டினர்.

அதன்படி, இரண்டு இராச்சியங்களின் வழக்குகளும், வெவ்வேறு இராச்சியங்கள் அளித்த பத்திரங்களால் ஒரே நிலத்துக்கு உரிமை கொண்டாடும் குடிகளின் வழக்குகளும், கூட்டரசின் நீதிமன்றத்துக்கு உரியவாயின. பின்னே கூறியது வயோமிங் குடிகட்கு இல்லாமற்போன பாதுகாப்பு என்பதை அன்பர்கள் உணர்வர். 1838இல் ரோட் ஐலண்டு மாஸசூசெட்ஸின்மேல் தொடுத்த எல்லை வழக்கில், இவ்வதிகாரம் தனக்கு உண்டென்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நம் நாட்டு அரசியலமைப்பின் 131ஆம் பிரிவு, மாநிலங்களின் வழக்கை உச்ச நீதிமன்றம் நேராகவே ஏற்கலாம் என்று விதித்திருப்பதும் இவ்வழியைச் சார்ந்ததே.

1789இல் வாஷிங்டன் வில்ஸனை உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகளுள் ஒருவராக்கினார். தலைமை நீதிபதிப் பதவியைத் தமக்கு வேண்டுமென்று தாமே எழுதிக் கேட்டிருந்த வில்ஸனுக்கு அது கிட்டவில்லை. அடுத்த ஆண்டின் இறுதியில் பிலடெல்பியாக் கல்லூரியில் அவர் சட்டச் சொற்பொழிவுகளைத் தொடங்கியபொழுது வாஷிங்டனே வந்து முதற் சொற்பொழிவைக் கேட்டார்.

நீதிபதியாக அவர் சொன்ன தீர்ப்புக்களுள் பெரிது 1793 பிப்ரவரி 18ஆம் நாள் வந்தது. போர்க்காலத்தில் ஜார்ஜியா இராச்சியம் தென் கரோலினா வணிகர் ஒருவரிடம் சரக்கு வாங்கிப் பணம் கொடுக்கவில்லை. வணிகர் இறந்தபின் அவர் சொத்துக்கு உரிமைக்காரரான சிஷம் என்பவர் வழக்குத் தொடுத்தார். தன்னாட்சியுடைய இராச்சியத்தின்மேல் ஒரு தனிமனிதன் வழக்கிடுதல் யாங்ஙனம் என்று கூறி ஜார்ஜியா மன்றத்துக்கு வரவே மறுத்தது. நீதிபதிகள் ஐவருள் நால்வர் வழக்குச் செல்லும் என்றனர். வில்ஸன் மற்றவரினும் ஆழச் சென்று, இராச்சியம் என்பது மக்கள் சேர்ந்து செய்துகொண்ட ஒன்றே. வாங்கிய கடனைக் கொடுக்கும் கடமை தனிமனிதனுக்கு உண்டெனின் மனிதர் கூட்டத்துக்கும் உண்டு என்று விளக்கினார். மாறுபட்டவர் வட கரோலினாவைச் சார்ந்த ஜேம்ஸ் ஐரடெல் ஒருவரே. நாடு ஐரடெல் பக்கம் நின்றது. தீர்ப்பை நிறைவேற்ற வருவோரைத் தூக்கிலிடுமாறு ஜார்ஜியாவின் கீழ்ச்சபை ஒரு சட்டமே நிறைவேற்றியது. 1795இல் அரசியலமைப்பின் 11ஆம் திருத்தம் வந்து அத்தீர்ப்பைத் துடைத்தெறிந்தது.

கடன் கொடுத்தவர்க்காக இத்துணை வன்மையாகத் தீர்ப்பெழுதிய கையே, அவ்வாண்டுகளிற் கடன் பத்திரங்களிலும் ஓயாது கையெழுத்திட்டு வந்தது என்பதை எழுத எம் பேனா கூசுகின்றது. ரேச்சல் அம்மையார் 1786இல் இறந்தார். 1793இல், தம் ஐம்பத்தொன்றாம் வயதில், பத்தொன்பது வயதுடைய ஹானா கிரே என்னும் பெண்ணை வில்ஸன் மணந்தார். நிலங்கள் மேலும் மேலும் வாங்கப்பட்டன. குடியேறுவோர் திரள்திரளாக வருவர், விலை ஏறும் என்பது கணக்கு. ஐரோப்பாவில் போர் மூண்டு பணம் வற்றியது. 1796, 1797ஆம் ஆண்டுகளில் நிலவணிகர் ஒருவர்பின் ஒருவராகக் கவிழ்ந்தனர். உச்ச நீதிமன்றத்து நீதிபதியாகிய வில்ஸன், 1797இல் நியூ ஜெர்ஸியிலுள்ள பர்லிங்டன் நகரில் கடனுக்காகச் சிறையிலடைக்கப்பட்டார். மகன் பொருள் தேடி மீட்டார். கடன்காரர் தொடர வில்ஸன் தெற்கே ஓடினார். வட கரோலினாவில் ஈடன்டன் என்னும் சிற்றூரில் ஒரு சத்திரத்திலே தங்கினார். அது நீதிமன்றத்தை அடுத்திருந்தது. ஆண்டும் விடாமல் தொடர்ந்த பியர்ஸ் பட்லர் என்பார், 197,000 டாலர் கடனுக்காக அவரை இரண்டாம் முறை சிறையிலிடுவித்தார். இந்தப் பட்லரும் 1787 மகாசபையில் உடனமர்ந்து சாசனத்திற் கைச்சாத்திட்டவர்.

பதவியை அவர் துறக்கவில்லை. துறக்குமாறு கூறுவதற்கும் எவர்க்கும் நாவெழவில்லை. சிறையினின்று வெளிவந்தவரை முறைக்காய்ச்சல் பற்றியது. பின் வாதநோய் தாக்கியது. ஹானா அம்மையார் ஒருவரே அருகிருந்து பேணினார். 1798 ஆகஸ்டு 21ஆம் நாள், 55ஆம் வயதில், அச்சத்திரத்திலேயே உயிர் நீத்தார். அவருடைய சட்டச் சொற்பொழிவுகளை மகன் பேர்ட் வில்ஸன் 1804இல் தொகுத்து அச்சிட்டார்.

ஈடன்டன், தீர்ப்பில் அவரோடு மாறுபட்ட ஐரடெலின் ஊர். அவரை நம்பியே வில்ஸன் அங்குச் சென்றார். ஐரடெலின் மைத்துனராகிய ஸாமுவெல் ஜான்ஸ்டனின் குடும்ப இடுகாட்டில் வில்ஸனைப் புதைத்தனர். அடுத்த ஆண்டு ஐரடெலும் இறந்து அவ்விடுகாட்டிலேயே அடக்கமானார். 1906ஆம் ஆண்டு பென்ஸில்வேனியத்தார் வில்ஸனின் எலும்புகளைப் பேழையிலெடுத்து, நீதிபதிகளும் அரசியலாரும் உடன்வரப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுசென்று, கிறைஸ்ட் திருக்கோயிலில் ரேச்சல் அம்மையாரின் பக்கத்தில் அடக்கம் செய்தனர். ஐரடெலின் கல்லறை ஈடன்டனிலேயே இருக்கின்றது.